ஐந்தாவது தட்டு

சரக்கொன்றை விதையைப் போல வீம்பு பிடித்த விதையை நான் பார்த்ததில்லை. நூறு விதையை மண்ணில் போட்டு, இரண்டு வேளையும் தண்ணீர் விட்டு, ஒரு மாதம் காத்துக் கிடந்தால் ஆறு முளைக்கும். மீதித் தொண்ணூற்று நாலும் போட்ட அன்று எப்படிப் பளபளவென்று இருந்ததோ அப்படியே இருக்கும். செத்த விதை என்றால் திட்டிவிட்டுத் தூக்கிப் போட்டுவிடலாம். இது சாகவும் இல்லை. உள்ளே உயிர் இருக்கிறது, மேல்தோல் கல்லாக இருப்பதால் தண்ணீர் உள்ளே போக மாட்டேன் என்கிறது. இதற்கு விதை உறக்கம் என்று பெயர். கல்லூரியில் படித்தபோது இரண்டு மதிப்பெண் கேள்வி என்பதற்கு மேல் இதை நான் மதித்ததில்லை. எண்ணூரில் அது என் வேலைக்கே வேட்டு வைக்கும் என்று யார் கண்டது?

2002ஆம் வருஷம். எண்ணூரில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். மதில் ஓரம் முழுக்க மூலிகை மரமாக நட வேண்டும் என்று தலைமை அலுவலகத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. முதலில் சரக்கொன்றை. அதன் பட்டை, பூ, காய்க்குள் இருக்கும் புளி எல்லாமே மருந்துக்கு ஆகும், பூத்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். ஐப்பசி மழைக்குள் மூவாயிரம் கன்று தயாராக வேண்டும். அதற்காக ஆறு மாத ஒப்பந்தத்தில் என்னை எடுத்தார்கள். விதையை முளைக்க வைக்கும் வழியைக் காட்டிவிட்டால் நாற்றங்காலுக்கு நிரந்தர உதவியாளர் என்று பக்தவச்சலம் சார் சொல்லியிருந்தார். அவர்தான் தோட்டப் பிரிவு அதிகாரி. நல்ல மனிதர், ஆனால் செடியைவிடச் செடியைப் பற்றிய ரிப்போர்ட் அவருக்கு அதிகம் பிடிக்கும்.

நிரந்தரம் என்ற சொல் எங்கள் வீட்டில் சாமி மாதிரி. என் அப்பா ஜெயவேல் பெரம்பூரில் ஒரு பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, கடைசி நாள் வரை தினக்கூலியாகவே இருந்து, தினக்கூலியாகவே செத்துப்போனார். அம்மா ரமாபாய் வியாசர்பாடியில் எங்கள் பிளாக்கில் நாலு மாடிக்கும் சொல்லி முடித்துவிட்டாள். "எங்க மதிக்கு பர்மனென்ட் ஆவப்போவுது." ஆகவில்லை என்றால் அந்த மாடிப்படியில் நான் எப்படி ஏறி இறங்குவது என்பதுதான் என் பயம். வேறு எந்தப் பயமும் அப்போது எனக்கு இல்லை.

அமிலத்தில் போடுவோம் என்று சொன்னது நான்தான். அடர் கந்தக அமிலத்தில் விதையைச் சில நிமிஷம் போட்டால் தோலை அரித்துவிடும், பிறகு தண்ணீர் உள்ளே போகும். புத்தகத்தில் இருப்பதுதான். கம்பெனியிலோ அமிலத்துக்குப் பஞ்சமில்லை, பரிசோதனைக் கூடத்தில் கேட்டால் ஜாடியோடு கொடுப்பார்கள். பக்தவச்சலம் சாருக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம ஆலை அமிலத்தில் கண்விழித்த விதைகள்" என்று கம்பெனிப் பத்திரிகைக்குத் தலைப்புகூட எழுதி வைத்துவிட்டார். ஒரு விதைகூட அப்போது கண்விழித்திருக்கவில்லை.

ஐந்து தட்டு, தட்டுக்கு நூறு விதை. முதல் தட்டுக்குப் பதினைந்து நிமிஷம் அமிலம். இரண்டாவதுக்கு முப்பது. மூன்றாவதுக்கு நாற்பத்தைந்து. நாலாவதுக்குக் கொதிநீர். ஐந்தாவதுக்கு ஒன்றும் கிடையாது, விதையை எடுத்து அப்படியே போட வேண்டும். ஒன்றும் செய்யாவிட்டால் எவ்வளவு முளைக்கிறது என்று தெரிந்தால்தானே, செய்ததில் பலன் உண்டா என்று சொல்ல முடியும்? அதனால் ஐந்தாவதுதான் முக்கியமான தட்டு. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டேன்.

நாற்றங்காலில் தண்ணீர் விடவும் மண் கலக்கவும் இருந்தவள் அங்கம்மா. முகத்துவாரக்குப்பத்துக்காரி, என்னைவிட மூன்று நாலு வயது பெரியவள். கழிமுகத்தில் மீன்பாடு குறைந்துபோனதால் கம்பெனிக்குக் கூலி வேலைக்கு வந்தவள். வேலையில் குறை சொல்ல முடியாது, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் கூடவே நீ போட்டுத்தான் பேசுவாள். வீட்டில் நானும் 'இன்னா'தான், ஆனால் அங்கே அதை வாய் தவறிக்கூடச் சொல்வதில்லை. அவள் சொல்லும்போதெல்லாம் என்னைச் சொல்லிக் காட்டுவது போல எரிச்சலாக வரும்.

சனிக்கிழமை விதையை எண்ணியபோது நானூறுதான் தேறியது. ஐந்தாவது தட்டுக்கு விதை இல்லை. உடைக்காத காய் ஒரு சாக்கில் கிடந்தது. முழ நீளம், கறுப்பு, உள்ளே வில்லை வில்லையாகப் பிசுக்குப் புளி, அதற்குள் விதை. நாற்றம் குடலைப் பிடுங்கும். அங்கம்மாவிடம் கொடுத்து, "இதை உடைச்சு நல்லதா நூறு விதை எடுத்துட்டு வாங்க" என்றேன். இங்கே உடைத்தால் கை கழுவத் தண்ணீர் லாரியை எதிர்பார்க்க வேண்டும் என்று அவள் காய்களை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் ஒரு துணி முடிச்சோடு வந்து நின்றாள். அந்த நேரம் எனக்கு ஒரு கையில் கண்ணாடிக் குடுவை, ஒரு கண் கடிகாரத்தில். அமிலத்தில் இருக்கும் விதையை ஒரு நிமிஷம் அதிகம் விட்டாலும் உள்ளே கருகிவிடும். ஏற்கெனவே துப்பட்டாவில் நாலு பொத்தல். "அஞ்சாவது தட்டுல நேரா போட்டுடுங்க" என்று திரும்பாமலே சொன்னேன். போட்டாள். முடிச்சை நான் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை ஐந்தாவது தட்டில் மண் பொருக்கு விட்டிருந்தது. பதினொன்றாம் நாள் அது பச்சைப் பசேல். பதினான்காம் நாள் எண்ணினேன். பதினைந்து நிமிஷத் தட்டில் முப்பத்தெட்டு. முப்பது நிமிஷத்தில் அறுபத்து நாலு. நாற்பத்தைந்தில் நாற்பத்தொன்று. கொதிநீரில் இருபத்திரண்டு. ஒன்றுமே செய்யாத ஐந்தாவது தட்டில் எண்பத்தொன்று.

மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் எண்பத்தொன்று. அழுகை வந்தது. ஒன்றும் செய்யாமலே எண்பத்தொன்று முளைக்குமானால் அமிலம் எதற்கு, நான் எதற்கு?

பக்தவச்சலம் சார் வந்து பார்த்தார், ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "லேபிள் மாறியிருக்கும்மா. ரெண்டாவதும் அஞ்சாவதும் மாறிப்போயிருக்கு. வெள்ளிக்கிழமை தலைமை ஆபீஸ்லேர்ந்து சுப்புராயன் சார் வராரு, பர்மனென்ட் எல்லாம் அவர் கையிலதான். அவர் முன்னாடி இப்படியா காட்டறது? தட்டை யாரு எடுத்து வைக்கறது?"

"அங்கம்மா சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தண்ணி விடும்போது நகர்த்தி மாத்தி வெச்சிருப்பாங்க. அவங்களுக்கு எழுத்து தெரியாது" என்றும் சொன்னேன்.

மாற்றியதை நான் பார்த்தேனா? இல்லை. அவள் தப்பு இல்லையென்றால் என் தப்பு என்று ஆகிவிடும். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

தோட்டக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போதே அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். "நான் மாத்தல சார். எட்த்த எடத்துலயேதான் வெச்சேன்" என்றாள். அவர் மறுபடி கேட்டார். அவளும் மறுபடி அதையே சொன்னாள், இந்தத் தடவை குரல் உயர்ந்துவிட்டது. குரல் உயர்ந்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "தப்பையும் செஞ்சுட்டு எதிர்த்து வேற பேசறியா? நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார்.

அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "நான் மாத்துனத நீ பாத்தியா மேடம்?"

நான் நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுவதற்கு ஒன்றுமே இல்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

சார் தட்டில் செருகியிருந்த இரண்டு லேபிளையும் பிடுங்கி மாற்றிச் செருகினார். அமிலம் முப்பது நிமிஷம், எண்பத்தொன்று. எல்லாம் சரியாகிவிட்டது. வியாழக்கிழமை நான் உட்கார்ந்து ரிப்போர்ட்டைப் பிரதி எடுத்தேன். கூடவே ஒட்டுவதற்கு முளைக்காத விதை நாலைந்து வேண்டும் என்றார் சார். ஐந்தாவது தட்டைக் கிளறினேன். இப்போது அது இரண்டாவது தட்டு.

கையில் எடுத்த விதை பழுப்பாக இருந்தது. அமிலத்தில் கிடந்த விதை அப்படி இருக்காது, கரி அப்பி, அம்மை விழுந்த முகம் மாதிரி குழி குழியாக இருக்கும். பழைய இரண்டாவது தட்டைக் கிளறினேன். அதிலே இருந்தது அத்தனையும் கறுப்பு, குழி. ஆக, தட்டு மாறவே இல்லை. அங்கம்மா சொன்னதுதான் நிஜம். லென்ஸை எடுத்துப் பழுப்பு விதையைப் பார்த்தேன். மேலே முழுக்கக் கீறல், பொடிப் பொடியாக, குறுக்கும் நெடுக்கும். பளபளப்பே இல்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். மூவாயிரம் கன்றுக்கு அறுபத்து நாலு சதவீதமே போதும், ஐயாயிரம் விதையாகப் போட்டால் தீர்ந்தது. யாரும் கேட்கப்போவதில்லை. நான் அன்று மனசாட்சி உறுத்திக் கிளம்பினேன் என்று சொன்னால் அது பொய். எனக்குத் தெரியாமல் ஒரு விதை முளைத்துவிட்டதே, எப்படி முளைத்தது என்ற வீம்புதான். நாலு மணிக்கு அனுமதி கேட்டுக்கொண்டு முகத்துவாரக்குப்பத்துக்கு நடந்தேன்.

அங்கம்மா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காரப்பொடி மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். மீன் உரசுவதற்கென்றே உள்ள சட்டி, உள்பக்கம் அரம் போல் சொரசொரப்பாக இருந்தது. கல்லுப்பை அள்ளிப் போட்டு, மீனை உள்ளங்கையால் சட்டியோடு அழுத்தி வட்டமாக உரசினாள். செதில் கழன்று சாம்பல் தண்ணீராக வழிந்தது. என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"அங்கம்மாக்கா" என்றேன்.

"இப்ப இன்னா அக்கா? அங்க அங்கம்மா, இங்க அக்காவா?"

"அந்த விதையை என்ன பண்ணீங்க?"

"எந்த வெத?"

"காய் உடைச்சுக் கொண்டாந்தீங்களே."

"கழுவிக் கொண்டாந்தேன். பின்ன, அந்தக் கலீஜோடவா குட்ப்பாங்க? பிசினு மாதிரி ஒட்டிக்கினு, நாத்தம் வேற. தண்ணில அலசனா போவல. இதுல போட்டு உப்பும் மணலும் சேத்து நல்லா ஒரசனேன். எங்க வூட்டுல எதுவும் ஒரசாம உள்ள போவாது." சட்டியைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். "ஏன், அதுலயும் தப்பு கண்டுபிடிக்க வந்துகீறியா?"

நான் அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அமிலத்தை வைத்துக்கொண்டு நான் கடிகாரம் பார்த்துப் பார்த்துச் செய்ததை இவள் காரப்பொடி கழுவுகிற சட்டியில் செய்திருக்கிறாள். தோலில் கீறல் விழ வேண்டும், அவ்வளவுதான். அமிலம் தோலோடு சில விதையின் உள்ளேயும் சுட்டுவிட்டது, உப்பும் மணலும் அப்படிச் சுடாது. சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷமே வெட்கமாக வந்தது. இவள் வேலையைப் பறித்தது என் வாய்.

"தட்டு மாறல அக்கா. நீங்க மாத்தல. எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"எனுக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"நாளைக்கு வாங்க. சார்கிட்ட சொல்லிடறேன்."

"சார்கிட்ட மட்டும் சொல்லுவியா? அன்னிக்கு அத்தினி பேரு முன்னாடி என்ன அசிங்கப்படுத்தனீங்க. அத்தினி பேரு முன்னாடியும் சொல்றதா இருந்தா வரேன். இல்லன்னா நீ கெளம்பு, எனுக்கு வேல கீது."

சொல்கிறேன் என்றேன். ரயிலில் திரும்பும்போதுதான் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பது உறைத்தது. அவள் மாற்றவில்லை என்றால் ஐந்தாவது தட்டு கெட்டுப்போன தட்டு. ஒன்றும் செய்யக்கூடாத தட்டில் ஏதோ நடந்திருக்கிறது, அது எனக்குத் தெரியவில்லை. பொறுப்பு யார்? நான். கொருக்குப்பேட்டையில் இறங்கினேன். வீட்டுக்குப் போனால் அம்மா, நாளைக்கு நல்ல செய்தி வந்ததும் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று தன் ஒரே பட்டுப்புடவையை வெளியே எடுத்து வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சுப்புராயன் சார் வந்தார். ஒல்லி, அதிகம் பேசாதவர். பக்தவச்சலம் சார் தட்டுகளைக் காட்டி விளக்கினார். தோட்டக்காரர்கள் பின்னால் நின்றார்கள். கேட்டில் விடமாட்டேன் என்றவர்களோடு சண்டை போட்டு அங்கம்மாவை நான் உள்ளே அழைத்து வந்திருந்தேன், அவள் தள்ளி, தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றாள்.

"அமிலம் முப்பது நிமிஷம், எண்பத்தொன்று" என்று பக்தவச்சலம் சார் சொன்னபோது, "இல்லை சார்" என்றேன்.

ஆரம்பித்ததும் பயம் போய்விட்டது. லேபிள் மாற்றிச் செருகியதைச் சொன்னேன். கறுப்பு விதையையும் பழுப்பு விதையையும் லென்ஸோடு கொடுத்தேன். மீன் சட்டியைச் சொன்னேன். கடைசியில் திரும்பி, தோட்டக்காரர்களையும் பார்த்துச் சொன்னேன். "அங்கம்மா தட்டை மாத்தல. மாத்தினாங்கன்னு நான் பார்க்காமலே சொன்னேன். அது பொய்."

சுப்புராயன் சார் விதையை ரொம்ப நேரம் பார்த்தார். பக்தவச்சலம் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "மாத்தலன்னாலும் தப்புதானே சார்? அந்தத் தட்டுக்கு ஒண்ணும் செய்யக்கூடாது. யாரைக் கேட்டு இந்தம்மா உரசினாங்க?" என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பழியிலிருந்து அவளை எடுத்து இன்னொன்றில் போட்டுவிட்டேன். அங்கம்மா தொட்டி ஓரத்திலிருந்து என்னையே பார்த்தாள்.

"உரசக்கூடாதுன்னு நான் சொல்லல சார்" என்றேன். "ஐந்தாவது தட்டு எதுக்குன்னும் சொல்லல. விதை கைக்கு வந்தப்போ முடிச்சைப் பிரிச்சுக்கூடப் பார்க்கல. பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இந்தச் சோதனை கெட்டது என்னால."

"சரி" என்றார் சுப்புராயன் சார். கோபப்படவில்லை, அதுதான் வலித்தது. "அமிலத்தை விட்டுடுங்க. யார் கையாவது வெந்துபோனா யார் பதில் சொல்றது? உரசியே போடுங்க. இந்தம்மா நாளையிலேர்ந்து வரட்டும்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க உண்மையைச் சொன்னது நல்லது. ஆனா ஒண்ணும் செய்யாத தட்டையே கவனிக்காதவங்களை நிரந்தரத்துக்கு நான் எப்படிச் சிபாரிசு பண்றது? ஒப்பந்தம் முடியறவரைக்கும் இருங்க."

பக்தவச்சலம் சார் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அவர் தலைப்பும் போய்விட்டது, பாவம்.

அம்மாவிடம் மாடிப்படியிலேயே சொல்லிவிட்டேன், வீட்டுக்குள் போய்ச் சொன்னால் தைரியம் போய்விடும் என்று. அவள் திட்டவில்லை. புடவையை மடித்து உள்ளே வைத்தாள், சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அப்பாவும் இப்படித்தான் ஏதோ ஒன்றைச் சொல்லித் தினக்கூலியாகவே இருந்தாரோ என்று எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது. கேட்க அவர் இல்லை.

சனிக்கிழமை காலையில் அங்கம்மா வேலைக்கு வந்தாள், சட்டியும் உப்புப் பொட்டலமும் கொண்டு வந்தாள். இருநூறு விதை எண்ணிக் கொடுத்தேன். உரச ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை சுற்று, எவ்வளவு உப்பு, எவ்வளவு மணல் என்று எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து, "என்னை மன்னிச்சுடுங்கக்கா" என்றேன்.

"உனுக்கு வேல போச்சாமே."

"செப்டம்பரோட."

அவள் கை நின்றது. "நான் சொல்லச் சொன்னதாலயா?"

"இல்ல. நான் பாக்காததால."

விதையை ஒரு பிடி அள்ளி வெயிலில் காட்டினாள். பளபளப்புப் போயிருந்தது. மறுபடி சட்டியில் போட்டாள்.

"மாத்துனியா, மாத்துனியான்னு அந்த ஆளு எத்தினி வாட்டி கேட்டாரு. நீயும் பக்கத்துலயே நின்னுகினு இருந்தே" என்றாள். "வெதய இன்னா பண்ணேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? கேட்டிருந்தா அங்கயே சொல்லியிருப்பேனே. எனுக்கு மறைக்கணும்னு இன்னா கீது?"

கேட்கவில்லை. பதினான்கு நாள் தினமும் அவள் என் பக்கத்தில் நின்றுதான் அந்தத் தட்டுக்குத் தண்ணீர் விட்டாள். நான் கேட்கவே இல்லை.

"இல்லக்கா" என்றேன். "கேக்கல."